சோளக்காட்டுல ஒரு கண்ணாடிக்குழி

மத்தியானச் சாப்பாடு முடிஞ்சதும் கண்ணாடிக்காரரு பூமிக்குள்ள இறங்கிடுவாரு. விளையாட்டுக்குச் சொல்லல, நெசமாவே பூமிக்குள்ளதான். மக்காச்சோளக் காட்டோட ஓரத்துல ஆளுயரத்துக்கு மேல ஒரு குழி. இறங்குறதுக்கு மரப்படி, மேல பலகைக் கூரை, பலகை மேல நனைஞ்ச சாக்கு. குழியோட மூணு பக்கமும் பலகை அடிச்சு மண்ணு சரியாம நிறுத்தியிருந்துச்சு. நாலாவது பக்கம், பயிரு இருக்கிற பக்கம், மண்ணை ஒட்டினாப்புல ஒரு பெரிய கண்ணாடி. எப்பவோ ஒரு துணிக்கடை மூடினப்போ கழட்டிக்கிட்டு வந்த ஷோகேஸ் கண்ணாடி அது. சேலை கட்டின பொம்மைங்க நின்ன இடத்துல இப்போ மண்ணும், மண்ணுக்குள்ள சோள வேரும்.

வெளில வெயிலு தீயா கொளுத்தும். உள்ள போனா தண்ணித் தொட்டிக்குள்ள உட்கார்ந்தாப்புல ஜில்லுன்னு இருக்கும். ஈரமண் வாசனை. காத்து சத்தம்கூட தூரத்துல யாரோ பாயை உதறுற மாதிரி கேக்கும். கண்ணாடிக்காரரு கவுத்துப்போட்ட வாளி மேல உட்கார்ந்துக்குவாரு. கண்ணாடிக்கு மேல தொங்குற கறுப்புப் போர்வையைத் தூக்குவாரு. அவ்வளவுதான், மனுஷன் சொக்கிப் போயிடுவாரு.

இவரு எதுக்கு அங்க போய் உட்கார்ந்தாருன்னு சொல்லணும் இல்லையா. காலமெல்லாம் ஜன்னலுக்கும் கடைக்கும் கண்ணாடி போட்டவரு. தோள்பட்டை இனிமே தூக்காதுன்னு ஆனதும் கடையை மூடிட்டு, வீட்டுக்காரம்மாவோட அவங்க நெலத்துக்கே குடி வந்துட்டாரு. நெலம் அந்தம்மாவுக்கும் அவங்க அண்ணனுக்கும் பொதுவு. அண்ணனை நம்ம கண்ணாடிக்காரரு மச்சான்னு கூப்பிடுவாரு, நாமளும் மச்சான்னே வச்சுக்குவோம். பயிருன்னா அண்ணனும் தங்கச்சியும்தான் பேசுவாங்க, சண்டை போடுவாங்க, முடிவெடுப்பாங்க. கண்ணாடிக்காரருக்கு விவசாயத்துல கண்ணாடி டம்ளர்ல மோர் குடிக்கிற அளவுக்குத்தான் சம்பந்தம்.

போன வருஷம் சோளம் ஏமாத்திடுச்சு. சின்னப் பயிரா இருக்கிறப்போ மச்சான் பாசத்தைக் கொட்டி கொட்டித் தண்ணி விட்டாரு. பயிரும் பச்சைப்பசேல்னு கண்ணுக்குக் குளிர்ச்சியா நின்னுச்சு. மேலயே தண்ணி கிடைச்சா வேரு எதுக்குக் கீழ போவப்போகுது? கால் நீட்டிக்கிட்டு மேல் மண்ணுலயே படுத்துக்கிச்சு. பூ வந்து கதிரு நூல் விடுற நேரம், பயிருக்கு உயிர்போற தாகம் எடுக்கிற நேரம் அதுதான், குட்டையில பார்த்தா தவளைக்கே தண்ணி இல்ல. கதிரை உரிச்சுப் பார்த்தா பல்லு போன வாய் மாதிரி அங்கொண்ணு இங்கொண்ணு மணி.

அதனால இந்த வருஷம் வீட்டுக்காரம்மா எல்லாத்தையும் மாத்தினாங்க. விதையை ஒரு ராத்திரி தண்ணில ஊறவச்சு, நெழல்ல உலர்த்தி, அப்புறம்தான் விதைச்சாங்க. விதையா இருக்கிறப்பவே ஈரத்தையும் வறட்சியையும் ஒரு தடவை காட்டிடணுமாம். நெருக்கி நடாம கொஞ்சம் அகல அகலமா விட்டாங்க. வரிசைக்கு நடுவுல போன வருஷத்துத் தட்டையும் சருகும் பரப்பி வெறும் மண்ணே தெரியாம மூடினாங்க, வெயிலு மண்ணை நேரா தொடக்கூடாதுன்னு. இதுக்கெல்லாம் மச்சான் சரி சரின்னு தலையாட்டினாரு. கடைசியா ஒண்ணு சொன்னாங்க பாருங்க, அதுக்குத்தான் மனுஷன் துள்ளிக் குதிச்சாரு. முளைச்ச பயிருக்குப் பூ வர்ற வரைக்கும் குட்டைத் தண்ணி கிடையாதுன்னாங்க.

குட்டையில இருந்தது ஒரே ஒரு பாய்ச்சலுக்கு ஆன தண்ணி. மழை வந்தா நிரம்பும், ஆனா மழை வர்ற ஜாடையே தெரியல. இப்போ விட்டா பூவுக்கு இல்ல. பூவுக்கு வச்சா இப்போ இல்ல. மூணு பேரோட வருஷச் சாப்பாடும் அந்த ஒரு பாய்ச்சலை எப்போ திறக்கிறதுங்கிறதுலதான் இருந்துச்சு.

பயிரு தவிச்சாத்தான் வேரு தண்ணியைத் தேடிக்கிட்டுக் கீழ போகும்னு அந்தம்மா சொல்ல, அதுக்குள்ள செத்துப்போகும்னு மச்சான் சொல்ல, சாப்பாட்டு மேசையில தினமும் இதே பாட்டு. ஒரு நாள் மச்சானுக்குப் பொறுக்கல.

"நீயும் வேரு கீழ போகுது, கீழ போகுதுங்கற. எந்தக் கண்ணால பார்த்த? உள்ள போயி குடியிருந்துட்டு வந்தியா?"

நம்ம ஆளு அதுவரைக்கும் வாயைத் தொறக்காம சாப்பிட்டுக்கிட்டு இருந்தவரு, தலையைத் தூக்கி, "பாக்கலாமே"ன்னுட்டாரு. வாயைக் கொடுத்து மாட்டிக்கிட்டாரு.

அப்படி வந்ததுதான் அந்தக் குழி. கண்ணாடியை நேரா நிறுத்தாம, அடிப்பக்கம் பயிரைப் பார்க்கப் போறாப்புல கொஞ்சமா சாய்ச்சு வச்சாரு. வேரு நேரா கீழ எறங்குறப்போ கண்ணாடி மேல வந்து சாஞ்சுக்கிட்டு எறங்கும், நம்ம கண்ணுக்குத் தெரியும். வீட்டுக்காரம்மா, கட்டிக்குடுத்த பொண்ணு விட்டுட்டுப் போன பழைய நெயில் பாலிஷை எடுத்துட்டு வந்து, இடுப்பாழத்துல கண்ணாடி மேல செவப்பா ஒரு கோடு இழுத்தாங்க. பயிரு தொடையளவு வர்றதுக்குள்ள வேரு அந்தக் கோட்டைத் தாண்டிட்டா குட்டையோட மதகு பூ வரைக்கும் மூடியே இருக்கும். நடுவுல வேரு நின்னுபோச்சுன்னா மறுநாள் காலைலயே மதகைத் திறந்துடணும். அண்ணனும் தங்கச்சியும் கைமேல கை அடிச்சு ஒத்துக்கிட்டாங்க.

அப்புறம் அந்தம்மா வீட்டுக்காரரைப் பார்த்து ஒண்ணே ஒண்ணு சொன்னாங்க. வேருக்கு வெளிச்சம் ஆகாது, இருட்டுல பொறந்தது இருட்டுலதான் இருக்கும், பார்க்கணும்னா போர்வையைத் தூக்கி டார்ச் அடிச்சு சட்டுனு பார்த்துட்டு மூடிடணும், குளிக்கிறவங்களைப் பார்க்கிற மாதிரி உட்கார்ந்து பார்க்கக் கூடாதுன்னாங்க. மனுஷனுக்குக் காது வரைக்கும் செவந்துபோச்சு. சரின்னாரு.

மொத நாளு கண்ணாடியில மண்ணு மட்டும்தான். அப்புறம் ஒரு நாளு மேல் ஓரத்துல ஒரு வெள்ளைப் புள்ளி. மறுநாளு அது ஒரு நூலு. அதுக்கு மறுநாளு நூலைச் சுத்தி பஞ்சு மாதிரி ரோமம். ஒவ்வொரு ரோம நுனியிலயும் மண்ணுத்துகள் ஒண்ணொண்ணைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறது, பச்சக்குழந்தை கையில விரலை நீட்டினா இறுக்கிக்குமே, அந்த மாதிரி. நாம பாக்குறப்போ அசையாது. கண்ணைக் கொஞ்சம் அந்தப்பக்கம் திருப்பிட்டு வந்து பாருங்க, ஒரு எள்ளளவு எறங்கியிருக்கும். கல்லு வந்தா முட்டாது, கொஞ்ச நேரம் யோசிக்கிற மாதிரி நின்னுட்டு ஓரமா வளைஞ்சு போகும்.

இவரு வாழ்நாளு பூரா கண்ணாடி வழியா எத்தனையோ பார்த்தவருதான். அடுத்தவங்க வீட்டு சமையல்கட்டு, தூங்குற பூனை, சண்டை போட்டுக்கிட்டு வெளியாளைப் பார்த்ததும் சிரிக்கிற புருஷன் பொண்டாட்டி, எல்லாம். ஆனா இப்படி யாருமே பார்க்காத ஒண்ணு, தான் பாட்டுக்கு வேலை செய்யறதைப் பார்த்ததே இல்ல. டார்ச் வெளிச்சத்துல பார்த்தது போதல அவருக்கு. கூரையில ஒரு பலகையைத் தள்ளிவிட்டாரு. வெளிச்சம் சாக்கு வழியா வடிஞ்சு, கொளத்துக்கு அடியில இருக்கிறாப்புல பச்சையா உள்ள எறங்குச்சு. போர்வையைக் கையில புடிச்சுக்கிட்டே இருந்தா தோள்பட்டை வலிக்குதுன்னு, ஒரு கயித்தைப் போட்டு மேல இழுத்துக் கட்டிட்டாரு. இடதுபக்க மூலையில மட்டும் போர்வை பலகை இடுக்குல மாட்டிக்கிட்டு மேல ஏறவே இல்ல. அதை யாரு கவனிச்சா?

பார்த்துக்கிட்டே இருப்பாரு. பார்க்கப் பார்க்க கண்ணு சொருகும். வாளி மேல உட்கார்ந்தபடியே தூக்கம். அந்தத் தூக்கத்துல வர்ற கனவைச் சொன்னா சிரிப்பீங்க. இவரு கால்விரலெல்லாம் நீண்டுக்கிட்டே போகும். மண்ணுக்குள்ள எறங்கும், எறங்குற இடமெல்லாம் கூசும். கீழ ஏதோ ஒரு ரூம்ல வெளக்கு இல்லாம யாரோ தண்ணி மொண்டு ஊத்துற சத்தம் கேக்கும். கதவைத் தேடித்தேடி விரல் தடவிக்கிட்டே போகும். எந்த அவசரமும் கிடையாது. முழிக்கிறப்போ காலு மரத்துப்போயிருக்கும். மறுபடி வெயிலுக்கு ஏறி வர்றப்போ கண்ணு கூசி, சொந்த வீடே யாரோட வீடோ மாதிரி தெரியும்.

மச்சான் வாரத்துக்கு ஒருவாட்டி வந்து பார்ப்பாரு. குழி வாசல்ல நின்னு, "ஆபீசரு உள்ள இருக்காரா, மனு குடுக்கலாமா?"ன்னு கேப்பாரு. கண்ணாடிக்காரரு பதறி எந்திரிச்சு கயித்தை அவுத்துவிட்டுட்டு, இப்பத்தான் எறங்கினவரு மாதிரி டார்ச்சைத் தேடுவாரு. மொத ரெண்டு வாட்டியும் வேரு நல்லா எறங்கியிருந்துச்சு. மச்சான் உம்முன்னு ஏறிப் போயிட்டாரு.

மூணாவது வாட்டி வந்தப்போதான் எல்லாம் தலைகீழாச்சு. செவப்புக் கோட்டுக்கு ஒரு சாண் மேல எல்லா வேரும் நின்னுபோயிருந்துச்சு. புதுசா ஒரு நூலு இல்ல. இருந்ததும் வெள்ளை போயி டீத்தண்ணி நெறத்துக்கு மாறியிருந்துச்சு. வெளில பார்த்தா பயிரு மத்தியானத்துல இலையெல்லாம் சுருட்டிக்கிட்டு ஊசி ஊசியா நிக்குது.

மச்சான் டார்ச்சை அணைச்சாரு. இந்த வாட்டி கிண்டல் எதுவும் வரல. அதுவே பயமா இருந்துச்சு. "தங்கச்சி, நீயே எறங்கி வந்து பாரு"ன்னாரு. அந்தம்மா எறங்கினாங்க, பார்த்தாங்க, கோட்டுக்கும் வேருக்கும் நடுவுல இருந்த வெறும் மண்ணு மேல உள்ளங்கையை வச்சு, கண்ணாடி மேலதான், அளந்து பார்த்தாங்க. அப்புறம் காலைல திறந்துடலாம்ணேன்னு சொல்லிட்டுப் படியேறிப் போயிட்டாங்க. வாதாடவே இல்ல. கை அடிச்சு ஒத்துக்கிட்டதாச்சே. கண்ணு பார்த்ததை இல்லைன்னா சொல்ல முடியும்?

கண்ணாடிக்காரரு மட்டும் குழியில நின்னாரு. அவருக்கு மனசு கேக்கல. இவ்வளவு நாளா கூடவே இருந்த ஜீவன் கண்ணு முன்னாடி செத்துப்போயிருக்கு, நாம வாளி மேல உட்கார்ந்து கொறட்டை விட்டிருக்கோம்னு ஒரு துக்கம். கண்ணாடியைத் துடைக்கலாம்னு தோள் துண்டை எடுத்தாரு. அது அவரு கை பழக்கம், மனசு சரியில்லைன்னா எதையாவது துடைப்பாரு. துடைச்சுக்கிட்டே இடது மூலைக்கு வந்தாரு. போர்வை மாட்டிக்கிட்டு இருந்ததை இழுத்தாரு. வரல. இடுக்குல விரலை விட்டு எடுத்துவிட்டாரு.

மூலையில, ஒரு கை அகலத்துக்கு, வெள்ளை வெளேர்னு வேரு. நூலு நூலா, ரோமமெல்லாம் சிலுப்பிக்கிட்டு. செவப்புக் கோட்டைத் தாண்டி, கண்ணாடியோட அடி விளிம்பையும் தாண்டி, எங்கயோ போய்க்கிட்டு இருந்துச்சு.

அவரு டக்குன்னு போர்வையை மூடிட்டாரு. வாளி மேல உட்கார்ந்தாரு. கயித்தைப் பார்த்தாரு, கூரையில தள்ளிவிட்ட பலகையைப் பார்த்தாரு. இருட்டா இருந்த மூலையில மட்டும் வேரு இருக்கு. வெளிச்சம் பட்ட இடத்துல இல்ல. செத்தெல்லாம் போகல. தினமும் வெளிச்சத்தைக் காட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்த இவருக்கு முதுகைக் காட்டிட்டு உள்பக்கமா போயிடுச்சுங்க.

உடனே ஓடிப்போய்ச் சொல்லியிருக்கணும். சொல்லல. ராத்திரி சாப்பாட்டுல சொல்லலாம்னு பார்த்தாரு, அந்தம்மா மூஞ்சியைப் பார்த்ததும் குனிஞ்சு சோத்தைப் பெசைஞ்சாரு. மச்சான் முன்னால சொன்னா ஆயுசுக்கும் வச்சு செய்வாரு. ஊர்ல இருக்கிற அத்தனை சொந்தக்காரங்களுக்கும் போன் போட்டு, எங்க மாப்ள வேருக்கே தாலாட்டு பாடின ஆளுன்னு சொல்லுவாரு. இப்படியெல்லாம் யோசிச்சுப் புரண்டுக்கிட்டே படுத்திருந்தாரு. அன்னைக்குக் கனவே வரல.

விடிஞ்சதும் மச்சான் மதகுகிட்ட நின்னாரு. இரும்புச் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டு, ரெண்டு கையாலயும் புடிச்சாச்சு. அந்தம்மா கொஞ்சம் தள்ளி, முந்தானையை இழுத்துச் செருகிக்கிட்டு மண்வெட்டியோட வாய்க்கால் ஓரமா நிக்கிறாங்க, தண்ணி வந்தா திருப்பிவிட. குட்டையில தண்ணி ஆடாம அசையாம, விடியக்காலை வானத்தை மடியில வச்சுக்கிட்டுக் கிடந்துச்சு.

"மச்சான், கையை எடுங்க"ன்னாரு கண்ணாடிக்காரரு.

என்னவோ பூச்சி உட்கார்ந்திருக்குன்னு நெனைச்சு மச்சான் கையைத் தூக்கிப் பார்த்துக்கிட்டாரு.

கண்ணாடிக்காரரு சொன்னாரு. ஒண்ணையும் விடல. கயிறு கட்டினது, பலகையைத் தள்ளினது, தினம் தூங்கினது, மச்சான் சத்தம் கேட்டதும் அவுத்துவிட்டது, மூலையில பார்த்தது, பார்த்தும் ராத்திரி வாயை மூடிக்கிட்டு இருந்தது.

அந்தம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. "எத்தனை நாளாங்க?"

"தினமும்தான்."

மண்வெட்டியை வாய்க்கால் கரையில சாய்ச்சு வச்சாங்க. திட்டியிருந்தா தேவலாம்போல இருந்துச்சு அவருக்கு.

மச்சான் சக்கரத்துல சாஞ்சுக்கிட்டு இவரை மேலயும் கீழயும் பார்த்தாரு. "ஏன் மாப்ளே, நீங்க கொறட்டை விட்டதுல வேரு கோவிச்சுக்கிட்டு அடுத்த ரூமுக்குப் போயிடுச்சா? நான் இதை நம்பி, இருக்கிற ஒரு குட்டைத் தண்ணியையும் வச்சுக்கிட்டு வேடிக்கை பார்க்கணுமா? தங்கச்சி மூஞ்சி வாடிப்போச்சுன்னு காதுல பூ சுத்துறீங்க."

கண்ணாடிக்காரரு ரெண்டு பேரையும் குழிக்குக் கூட்டிக்கிட்டுப் போய் மூலையைக் காட்டினாரு. மச்சான் எறங்கிப் பார்த்துட்டு, ஒரு கை அகலத்தை வச்சுக் காடு பூராவையும் பந்தயம் கட்ட முடியாதுன்னாரு. நியாயம்தானே? வேற எங்கயாவது தோண்டிப் பார்ப்போம்னு அந்தம்மா சொன்னாங்க. அதுக்கும் ஒத்துக்கல. நல்ல இடமா பார்த்துத் தோண்டிக் காட்டுவீங்க, நின்னுபோன வேரு எங்க போச்சுன்னு எனக்கு இங்க தெரியணும்னு கண்ணாடியை விரலால தட்டினாரு.

கண்ணாடிக்காரருக்குப் புரிஞ்சுபோச்சு. கண்ணாடியைக் கழட்டணும். கழட்டினா மண்ணுக்குப் பிடிமானம் கிடையாது, சரிஞ்சுடும். அப்புறம் குழியும் இல்ல, பார்க்கிறதுக்கு ஒண்ணும் இல்ல. அந்தம்மாவும் அதைத்தான் சொன்னாங்க, கழட்டினா திரும்ப வைக்க முடியாதுங்கன்னு. அவரு ஒரு நிமிஷம் அந்த வாளியையும் படியையும் பார்த்தாரு. ஏறிப்போய் வீட்டுலேர்ந்து பழைய வேலைச் சாமான் பெட்டியை எடுத்துக்கிட்டு வந்தாரு.

அந்தக் கையைப் பார்க்கணும் நீங்க அப்போ. சாப்பாட்டு மேசையில அசடு வழிஞ்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கிற ஆளா இதுன்னு இருக்கும். மரச்சட்டத்தைச் சின்ன உளியால நெம்பி நெம்பி எடுத்தாரு, ஒரு கீறல் விழல. கண்ணாடியைக் கவ்விப் பிடிக்கிற ரப்பர் கப்பு பிடி ரெண்டை எச்சில் தொட்டுக் கண்ணாடியில ஒட்டினாரு, ஒண்ணை மச்சான் கையில குடுத்தாரு. நான் சொல்றப்போ இழுங்க, வெடுக்குன்னு இழுக்காதீங்க, தூங்குற குழந்தை தலைக்கு அடியிலேர்ந்து கையை எடுப்பீங்களே அப்படின்னாரு. மச்சானும் எதிர்ப்பேச்சு பேசாம மூச்சைப் புடிச்சுக்கிட்டு இழுத்தாரு. சளக்குன்னு ஒரு சத்தம். கண்ணாடி மண்ணை விட்டு வந்துடுச்சு.

மண்ணு உடனே விழல. கண்ணாடி இருக்குன்னே நெனைச்சுக்கிட்டு இருந்த மாதிரி, வழவழன்னு சுவரு அப்படியே நின்னுச்சு. பழைய வேரோட டீத்தண்ணி நெறக் கோடுங்க மட்டும் அதுல தெரிஞ்சுச்சு. அந்தம்மா முன்னால வந்து விரல் நுனியால, மாவு சலிக்கிற மாதிரி, மேல் மண்ணைத் தட்டிவிட்டாங்க. ஒரு விரல் ஆழம். ஒண்ணும் இல்ல. ரெண்டு விரல் ஆழம். அங்க மண்ணு மண்ணா இல்ல. வெள்ளை வெள்ளையா பின்னிக்கிட்டு, கம்பளியைப் பிரிச்சாப்புல, ஆயிரக்கணக்குல வேரு. எல்லாம் கண்ணாடி பக்கம் முதுகைக் காட்டி வளைஞ்சு, அப்புறம் நேரா கீழ. செவப்புக் கோடு இருந்த ஆழத்தைத் தாண்டி, எங்களுக்கு யாரும் அளவு வைக்கலையேங்கிற மாதிரி போய்க்கிட்டே இருந்துச்சு.

அந்தம்மா விரலு ரெண்டும் அந்த வேரைத் தொட்டபடியே நின்னுபோச்சு. மச்சான் கண்ணாடியை எதிர்ப்பக்கப் பலகையில சாய்ச்சுட்டு மண்டி போட்டாரு. தொட்டுப் பார்த்தாரு. அந்த ஆழத்துல மண்ணைக் கொஞ்சம் எடுத்து உள்ளங்கையில அழுத்தினாரு, உருண்டையா நின்னுச்சு. கன்னத்துல வச்சுப் பார்த்தாரு. மேல அவ்வளவு வெயிலு, சருகு மூடாக்குக்கு அடியில, வேரு போற இடத்துல, நேத்து மழை பேஞ்ச மாதிரி ஈரம்.

"ஜில்லுன்னு இருக்கு பாப்பா"ன்னாரு. தங்கச்சியைப் பாப்பான்னு கூப்பிட்டு எத்தனை காலமாச்சோ.

அப்போதான் மேலேர்ந்து ஒரு கட்டி பொதுக்குன்னு விழுந்துச்சு. மூணு பேரும் முட்டி மோதிக்கிட்டு படியேறினாங்க. கண்ணாடியை மச்சானும் மாப்ளையும் ஆளுக்கொரு பக்கமா தூக்கிக்கிட்டு வெளில வர்றதுக்கும், சுவரு பெருமூச்சு விட்ட மாதிரி சரிஞ்சு குழியை மூடுறதுக்கும் சரியா இருந்துச்சு. ஓரத்துல நின்ன நாலு பயிரு அதோட சேர்ந்து சாஞ்சுபோச்சு. வாளி உள்ளேயே போச்சு.

மதகை அன்னைக்குத் திறக்கல.

ஆனா அதுக்கப்புறம் இருந்த நாளுதான் கொடுமை. முன்னாடியாவது பார்த்துக்கிட்டு இருந்தாங்க. இப்போ கண்ணாடியும் இல்ல, குழியும் இல்ல, வெயிலு மட்டும் தினமும் வந்து முற்றத்துல உட்கார்ந்துக்குது. மத்தியானமானா காடு பூரா இலையைச் சுருட்டிக்கும். மச்சான் மதகுகிட்ட போய்ப் போய் வருவாரு. ஒரு நாளு சக்கரத்தைக் காணோம். அந்தம்மா அதைக் கழட்டி அழுக்குத்துணிக் கூடைக்கு அடியில வச்சிருந்தாங்க. மச்சான் தேடாத இடமில்ல. தன் சட்டையைத் தானே தொவைக்கிற ஆளா இருந்தா கிடைச்சிருக்கும்.

கண்ணாடிக்காரரு மத்தியானத்துல போறதுக்கு இடமில்லாம காட்டுக்குள்ளயே நடந்தாரு. களை கொத்துற சின்னக் கொத்தை அந்தம்மா அவரு கையில குடுத்துட்டாங்க. அதுவும், அவரோட பேசாம இருந்ததும்தான் தண்டனைபோல. மண்ணு வெடிப்பு விட்ட இடமா பார்த்து மேலாப்புல கொத்திவிட்டு, சருகு காத்துல பறந்த இடத்துல திரும்ப மூடிவிடணும், வெடிப்பு வழியா ஈரம் ஆவியா போயிடக் கூடாதுன்னு. அவரும் செஞ்சாரு. குனிஞ்சு மூடுறப்போ எல்லாம், காலுக்கு அடியில அந்த வெளக்கில்லாத ரூம்ல வேரு தடவிக்கிட்டுப் போறது தெரியுற மாதிரி இருக்கும். முழிச்சுக்கிட்டே கனவு காண்றது எப்படின்னு அப்பத்தான் அவருக்குப் பிடிபட்டுச்சு. விடியக்காலைல போய்ப் பார்ப்பாரு, நேத்து மத்தியானம் ஊசியா சுருண்டு கிடந்த இலையெல்லாம் அகலமா விரிஞ்சு, பனித்துளியை வச்சுக்கிட்டு, ஒண்ணுமே நடக்காத மாதிரி நிக்கும். அதை வந்து வீட்டுல சொல்லுவாரு. அந்தம்மா தோசைக்கல்லைப் பார்த்தபடியே, "பார்த்தேன்"னு மட்டும் சொல்லுவாங்க. பேச ஆரம்பிச்சுட்டாங்களேன்னு அவருக்கு அதுவே போதும்.

ஒரு நாள் காலைல பயிரு உச்சியில பூங்கொத்து வெளிய எட்டிப் பார்த்துச்சு. அதுக்கு ஒரு வாரம் போல கழிச்சு, கதிரு நுனியில பட்டு நூல் மாதிரி, இளம்பச்சையும் ரோஸும் கலந்து, ஈரமா பளபளன்னு நூல் தொங்குச்சு. அந்தம்மா ஒவ்வொரு வரிசையா போய்ப் பார்த்துட்டு வந்தாங்க. கூடைக்கு அடியில கையை விட்டு சக்கரத்தை எடுத்தாங்க. அதை அண்ணன் கையில குடுக்கிறதா, வீட்டுக்காரரு கையில குடுக்கிறதான்னு ஒரு நொடி நின்னாங்க. கடைசியில அண்ணன் கையில குடுத்தாங்க. மச்சான் வாங்கிக்கிட்டுப் போய் மாட்டிட்டு, "மாப்ளே, வந்து ஒரு கை போடுங்க. முழிச்சிருக்கீங்கல்ல?"ன்னாரு.

ரெண்டு பேருமா சுத்தினாங்க. மதகு முனகிக்கிட்டே மேல எழும்புச்சு. குட்டைத் தண்ணி மொதல்ல தயங்கி, நுரையும் சருகுமா வாய்க்கால்ல தலையை நீட்டுச்சு.

கண்ணாடிக்காரரு செருப்பைக் கழட்டிட்டு தண்ணிக்கு முன்னால நடந்தாரு. அது வர்ற வேகத்துக்கு இவரும். வரிசைக்குள்ள நுழைஞ்சதும் ரெண்டு பக்கமும் பயிரு தலைக்கு மேல மூடிக்கிச்சு, வெளிச்சம் பச்சையா வடிஞ்சுச்சு. கதிரு நூல் கன்னத்துல உரசுது, பூத்தூளு தோள்ல உதிருது. காலுக்குப் பின்னால தண்ணி சருகுக்கு அடியில பூந்து பூந்து, யாரோ தூக்கத்துல முணுமுணுக்கிற மாதிரி சத்தம் போட்டுக்கிட்டு வருது. வர்றது பாதி, உள்ள எறங்கிப் போறது பாதி. எங்க எறங்குது, எதுவரைக்கும் எறங்குதுன்னு பார்க்க அவருக்கு இப்போ வழி இல்ல. நின்னு நின்னு பாதத்தை அழுத்திப் பார்த்தாரு. மண்ணு இளகிக் கொடுத்துச்சு.

காட்டோட அந்தக் கோடியிலேர்ந்து வீட்டுக்காரம்மா குரல் வந்துச்சு. பயிருக்கு நடுவுல ஆளு தெரியல.

"என்னங்க, கடைசி வரைக்கும் வந்துடுச்சா?"

"வந்துக்கிட்டு இருக்கு"ன்னாரு. "நீ அங்கயே நில்லு, நாங்க வர்றோம்."